பேற்றறையில் சொன்ன பெயர்

சிபில் ஹாக்கெட்டுக்கு மன்னிக்கத் தெரியாது. அவளோடு பல வருஷம் பழகியவள் சொல்கிறேன். மெர்ரோ டச்சஸின் மாளிகையில் துணி வெளுப்பவள் நான். சிபில் லண்டனில் பேர்போன மருத்துவச்சி.

அவளுக்கு டாம்சின் என்று ஒரு தங்கை இருந்தாள். சர் ஜெர்வாஸ் கோம்பின் வீட்டு வேலைக்காரி. கல்யாணமாகாமலே அவளுக்கு வயிறு நிறைந்தது. எங்கள் ஊரில் அப்படிப்பட்டவளுக்கு வலி எடுத்தால், தகப்பன் பெயரைச் சொல்லும்வரை மருத்துவச்சி தொடமாட்டாள். சாவின் வாசலில் எவளும் பொய் சொல்லமாட்டாள் என்பது நம்பிக்கை. டாம்சின் ஜெர்வாஸின் பெயரைச் சொன்னாள். அவன் (அவனுக்கு மரியாதை கொடுக்க எனக்கு மனசில்லை) நீதிபதியின் முன்னால் பைபிளில் கை வைத்து, "வலியில பொம்பள உளர்றதெல்லாம் ஒரு சாட்சியா?" என்றான். நீதிபதி சிரித்தார். ஏழை சொல் அம்பலம் ஏறுமா? பொய்ப்பழி சொன்னாள் என்று பச்சை உடம்புக்காரியைச் சாட்டையால் அடித்தார்கள். பாலில்லாமல் பிள்ளையும் போயிற்று, அவளும் போனாள். அதன் பிறகுதான் சிபில் இந்தத் தொழிலுக்கே வந்தாள்.

பிற்பாடு அரசரின் பங்காளியான மெர்ரோ டியூக், பீர் காய்ச்சி விற்பவர் ஒருவரின் மகளை ரகசியமாக மணந்தார். அவள்தான் எங்கள் டச்சஸ். அரண்மனைக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் மனம் குளிரட்டும் என்று ஜெர்வாஸ், "அவ எனக்கும் பழக்கம்தான், வயித்துல இருக்கறது யாரோடதோ" என்று கூசாமல் பரப்பினான்.

டச்சஸுக்கு வலி கண்டதும் அரண்மனைச் சீமாட்டிகள் கட்டிலைச் சுற்றிக் காக்கைகளாக நின்றார்கள்.

"கல்யாணமானவங்ககிட்ட இதக் கேக்கக்கூடாது அம்மணி," என்றாள் சிபில். "ஆனா இவங்க காதுல விழணும். யாரு புள்ள?"

"என் புருஷன் புள்ள! வேற யாரு புள்ள!"

அந்தக் கதறலை அரசரே நம்பினார். டச்சஸ் சொன்னால் சாட்சி, வேலைக்காரி சொன்னால் உளறல். ஜெர்வாஸ் ஓடிவந்து காலில் விழுந்தான். டச்சஸும் கையை முத்தமிடக் கொடுத்து மன்னித்தாள். நான் சிபிலிடம் பொருமித் தீர்த்தேன்.

"அவங்க மன்னிப்பாங்கடி," என்றாள் சிபில். "உசுரோட இருக்காங்கல்ல."

அடுத்த வருஷம் ஜெர்வாஸின் மனைவிக்குப் பேறுகாலம். டச்சஸுக்குப் பார்த்த மருத்துவச்சியே வேண்டும் என்றார்கள். இவள் டாம்சினின் அக்கா என்பது அவனுக்கு நினைவே இல்லை. சிபில் போனாள். தாயையும் பிள்ளையையும் பூப்போல ஏந்திக் காப்பாற்றினாள்.

ஞானஸ்நானத்தன்று மருத்துவச்சிதான் பிள்ளையைத் தூக்கிவந்து தகப்பன் கையில் கொடுக்க வேண்டும். பிள்ளை பெற்றவள் அத்தனை சீக்கிரம் கோயிலுக்கு வரக்கூடாது. அவள் அங்கே இல்லாததே நல்லது. ஞானத்தாயாக டச்சஸ் நின்றாள். முன்வரிசையில் அந்த நீதிபதி.

ஜெர்வாஸ் கை நீட்டினான். சிபில் கொடுக்கவில்லை.

"அம்மணி வலியில உங்க பேரத்தான் சொன்னாங்க தொரை. ஆனா வலியில சொல்றதெல்லாம் உளறல்னு நீங்கதானே சத்தியம் பண்ணீங்க? அப்புறம் யாரு புள்ளைன்னு நான் எத வச்சுக் குடுக்கறது?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"குடுடி இங்க!"

"உளறலா, நெசமா? சொல்லுங்க."

அவன் டச்சஸைப் பார்த்தான். இன்னொரு முறை கைகொடுப்பாள் என்று நினைத்தான் போலிருக்கிறது.

"பதில் சொல்லுங்க, சர் ஜெர்வாஸ்," என்றாள் எங்கள் டச்சஸ். அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

"நெசம்தான்! பேறுவலியில எவளும் பொய் சொல்லமாட்டா!"

சிபில் பிள்ளையை அவன் கையில் வைத்தாள்.

"அப்போ என் தங்கச்சி டாம்சின் சொன்னதும் நெசம். இது உங்களுக்கு ரெண்டாவது புள்ள தொரை. மூத்தத அதோட ஆத்தாளோட சேத்துக் கொன்னுட்டீங்க."

நீதிபதி தலையைத் தொங்கப்போட்டார். ஜெர்வாஸ் பிள்ளையை யாரிடமாவது தள்ளிவிடப் பார்த்தான். பிள்ளையை டச்சஸ்தான் வாங்கிக்கொண்டாள்.

சில நாளிலேயே, மருத்துவச்சிகளுக்குப் பேறு பார்க்கும் உரிமை கொடுக்கிற பிஷப், அதைச் சிபிலிடமிருந்து பறித்துக்கொண்டார். நான் அழுதேன்.

"எதுக்குடி அழற?" என்றாள். "நான் இந்தத் தொழிலுக்கு வந்த வேல முடிஞ்சிருச்சு."