கட்டுக்காரம்மாவின் வலது கால்

என் மனைவிக்கு நோயாளிகள் வைத்த பெயர் கட்டுக்காரம்மா. ஆறாத புண்ணுக்கு வீடு தேடிப் போய்க் கட்டு மாற்றிவிடும் நர்ஸ். வயது ஐம்பத்தெட்டு. காலை ஏழு மணிக்கு மருந்துப் பெட்டியைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு காரை எடுத்தால், ஒன்பது பத்து வீடுகள் ஏறி இறங்கி மதியம் இரண்டு மணிக்குத்தான் திரும்புவாள். எப்பேர்ப்பட்ட புண்ணைப் பார்த்தும் முகம் சுளிக்காதவள், என் சட்டைக் காலரைப் பார்த்தால் மட்டும் சுளிப்பாள்.

நான் தரைக்கு வினைல் விரிப்பு ஒட்டுகிறவன். வெறும் தரையைக் கண்டால் கை துறுதுறுக்கும். எங்கள் வீட்டில் விரிப்பு போடாத இடம் கூரை மட்டும்தான் என்று மருமகள் கேலி செய்வாள்.

மழைக்காலத்தில் மனைவி சேற்றுக் காலோடு காரில் ஏறுகிறாளே என்று, மிச்சம் கிடந்த கனமான விரிப்புத் துண்டு ஒன்றை அளவெடுத்து வெட்டி, ஓட்டுகிற சீட்டுக்கு முன்னால், காரோடு வந்த மிதியடியின் மேலேயே போட்டுவிட்டேன். அச்சாக உட்கார்ந்தது. அவளும் பார்த்துவிட்டு "பரவாயில்லையே" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம். இரண்டு நாள் அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை, ஒரு லாரியை முந்துவதற்காக ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தியிருக்கிறாள். முந்தியாயிற்று, காலையும் எடுத்தாயிற்று. கார் வேகம் குறையவில்லை. பிரேக்கை மிதித்தாள், கார் முக்கியதே தவிர நிற்கவில்லை. விட்டு விட்டு மிதித்தாள். பிரேக் கல்லாக இறுகிவிட்டது. எதிரே நாற்சந்தி, சிவப்பு விளக்கு. எப்படித் தோன்றியதோ, கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். என்ஜின் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறியது, ஆனால் அந்த வேகம் சக்கரத்துக்குப் போகவில்லை. இரண்டு காலாலும் பிரேக்கை அழுத்தி, ஓரமாக ஒடித்து, வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் காரைச் செருகி நிறுத்திவிட்டாள். அப்புறம்தான் என்ஜினை அணைத்தாள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

நான் அலறியடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன். போனவன் முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலரேட்டரை மிதிச்சுட்டியா?"

அவள் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றாள். இழுவை வண்டி வருவதற்குள் மணல் பட்ட என் விரிப்பை மட்டும் உருவி, உதறி, சுருட்டி வைத்துக்கொண்டேன். மெக்கானிக் ஷெட்டில் எண்ணெய் பட்டுவிடுமாம்! புத்தி அப்படிப் போயிற்று.

மெக்கானிக் இரண்டு நாள் பார்த்தார். "பெடல், பிரேக் எல்லாம் சுத்தமா இருக்குங்க. வயசானவங்க கால் மாறி மிதிக்கிறது சகஜந்தான்" என்றார். மகன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். தலைமை நர்ஸ் போன் செய்தார். கார் ஓட்ட முடியாவிட்டால் வீடுகளுக்குப் போகிற வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டுமாம். இவளுக்கு ஆபீஸில் உட்கார்ந்து பதிவு எழுதுகிற வேலை. திங்கட்கிழமை முடிவு சொல்ல வேண்டும்.

முதல் நாள் சண்டை போட்டாள். "நான் மிதிச்சது பிரேக்தான்" என்று எல்லோரிடமும் சொன்னாள். மூன்றாம் நாள் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் சமையலறைக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து, தன் செருப்பு இரண்டையும் தரையில் தள்ளித் தள்ளிப் போட்டு, வலது காலை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். "இது பிரேக், இது ஆக்ஸிலரேட்டர்" என்று வாய் முணுமுணுத்தது. என்னைப் பார்த்ததும் கால் நின்றது.

"ஏங்க, என் கால்தான் தப்பு பண்ணியிருக்குமோ? எனக்கே சரியாத் தெரியலைங்க."

அங்கே நிற்க முடியாமல் பின்பக்கம் போய், கைக்கு ஏதாவது வேலை வேண்டுமென்று அந்த விரிப்பை எடுத்துக் கழுவினேன். முன் விளிம்பு மேலே சுருண்டிருந்தது. அதில் பெடலின் அடிப்பக்கம் கடித்த வெட்டு ஒன்று. காரோடு வந்த மிதியடியைப் பிடித்துவைக்கக் கொக்கி உண்டு. நான் போட்டதற்கு ஒன்றும் இல்லை. அது முன்னால் நகர்ந்து, அழுத்திய பெடலை மேலே எழவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மறைக்காமல் சொல்கிறேன்: குப்பையில் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. முப்பது வருடமாகத் தரை போடுகிறவன், சொந்தப் பெண்டாட்டி காலடியில் போட்டது இந்த லட்சணம் என்றால் வெளியில் தலைகாட்ட முடியுமா? வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது மகன் சொன்னான்: "அம்மா, ஆபீஸ் வேலைக்குச் சரின்னு சொல்லிடு."

அவள் தலையாட்டினாள். எதற்கும் லேசில் தலையாட்டாதவள். என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய் விரிப்பைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜை மேலேயே போட்டேன்.

"உங்க அம்மா கால் தப்பு பண்ணலடா. நான்தான் பண்ணேன்."

விரிப்பு நகர்ந்து பெடலைப் பிடித்துக்கொண்ட கதையைச் சொன்னேன். அவள் அந்த வெட்டை, புண்ணைத் தடவிப் பார்ப்பதுபோல் விரலால் தடவினாள்.

"இதை எப்ப பாத்தீங்க?"

"நேத்து மத்தியானம்."

"விரிப்பு போட்டதுக்கு எனக்குக் கோவமே இல்லைங்க. எனக்காகத்தான் போட்டீங்க. ஆனா நேத்திலேர்ந்து நான் என் காலையே சந்தேகப்பட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேனே, அதைப் பாத்துக்கிட்டு சும்மா இருந்தீங்க பாருங்க..."

அதற்கு மேல் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "தப்புதான்மா" என்றேன். மகன் சாவியை எடுத்து வந்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். "மன்னிச்சுக்கம்மா" என்று அவனும் சொன்னான்.

திங்கட்கிழமை காலை மெக்கானிக் அந்த விரிப்பைப் போட்டு பெடலை அழுத்தினார். கீழே போனது, போனதுதான். "அம்மா, அந்த நேரத்துல நியூட்ரல் போட்டீங்க பாருங்க, பாதிப் பேருக்கு அது தோணாது" என்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலைமை நர்ஸ் முன்னாலும் போய் நின்று, திருட்டு முழியோடு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அன்றைய வீட்டுப் பட்டியலை இவள் கையில் கொடுத்தார்.

முதல் நாள் துணைக்குப் போகச் சொல்லி மகன் என்னையும் காரில் ஏற்றிவிட்டான். அவள் நிதானமாகத்தான் ஓட்டினாள். நான்தான் ஒவ்வொரு திருப்பத்திலும் வலது காலால் தரையை மிதித்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது திருப்பம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினாள்.

"இறங்குங்க."

"ஏன், என்னாச்சு?"

"உங்க கால் பயப்படறதைப் பாத்து என் காலும் பயப்படுது. நீங்க பஸ்ல வீட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்."

இறங்கினேன். கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, இண்டிகேட்டர் விளக்கைப் போட்டு, சாலைக்குள் நுழைந்தாள். எதிரே ஏற்றம். என்ஜின் சத்தம் கூடியதும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. ஏற்றத்தின் உச்சியில் சத்தம் தணிந்தது, காரும் வேகம் குறைந்தது. காலை எடுத்திருக்கிறாள், கார் சொன்னபடி கேட்டிருக்கிறது. அப்படியே நோயாளி வீட்டுத் தெருவுக்குள் திரும்பி மறைந்துவிட்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஸ் எங்கே நிற்கும் என்று எதிரே வந்தவரிடம் கேட்டேன்.