இரண்டு ஷபானாக்கள்

ஆம்பூர் அருகே ஒரு ஷூ கம்பெனியில் அலுவலக வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேர்ந்த பெண்கள் செல்போனில் இரண்டு படிவங்கள் நிரப்பினார்கள். ஒன்றில் பெயர், ஆளுக்கொன்றாகக் கொடுத்த டோக்கன் எண். இன்னொன்றில் பெயர், உடல்நிலை. கோடிங் தெரியாதவர்களுக்கான ஓர் ஆப்பில், இரண்டையும் பெயரை வைத்து இணைத்து, உடல்நிலைக்கு ஏற்றபடி யாருக்கு எந்தப் பிரிவு என்று பட்டியல் வரும்படி நானே செய்தேன். நொடியில் வந்தது. பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை சூப்பர்வைசர் ஓடி வந்தார். "மேடம், பசை ஒட்ற இடத்துல ஒரு பொண்ணு மூச்சு விட முடியாம உக்காந்துட்டா!"

ஓடினேன். புதிதாகச் சேர்ந்த ஷபானா வெளிறிப்போயிருந்தாள். இன்ஹேலரை இழுத்து மூச்சு திரும்பியதும், "ஆஸ்துமான்னு ஃபார்ம்ல போட்டேனே மேடம், பாக்கலியா?" என்றாள். உடனே போய் இரண்டு படிவங்களையும் திறந்து பார்த்தேன்.

சேர்ந்தவர்களில் இரண்டு ஷபானா. இன்னொருத்தி எழுதிய 'எந்தப் பிரச்சினையும் இல்லை', இவள் பதிலை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது.

அன்றே அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினோம். இப்போது இரண்டு படிவத்திலும் டோக்கன் எண் கேட்டு, அதை வைத்தே இணைக்கிறேன். பட்டியல் போவதற்கு முன் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அவரவர் பதிலை வாசித்துக் காட்டுகிறேன். "இன்னா மேடம், பரீட்சையா?" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.