கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வீடு

ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் சொல்லிக்கொடுப்பதும் தவளைகளைத் தராசில் நிறுப்பதும் ஒன்றுதான். ஒன்று புல்லைப் பிடுங்கும். ஒன்று ஷூவைக் கழற்றி மண்ணைக் கொட்டும். பந்து வரும் நேரமாகப் பார்த்து இன்னொரு பிள்ளைக்கு ஒன்றுக்கு முட்டும்.

ஐஸ் மாமா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவர் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. வாரமெல்லாம் யார் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலோ தலையை விட்டுக் கிடப்பார், "எப்ப சரியாகும்?" என்பதைத் தவிர யாரும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில்தான் அவர் மனிதர். பந்தை அடித்தவர் வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய இடங்களுக்கு அங்கே ஃபர்ஸ்ட் பேஸ், செகண்ட் பேஸ் என்ற பேச்சே கிடையாது. முதலாவது கடை. இரண்டாவது பள்ளிக்கூடம். மூன்றாவது ஆஸ்பத்திரி, ஏனென்றால் எல்லாரும் முட்டியைச் சிராய்த்துக்கொள்வது அங்கேதான். கடைசியில் வீடு. மட்டையில் பந்து பட்டதும், "கடைக்கு ஓடு! பள்ளிக்கூடத்துல நிக்காதே, இன்னைக்கு லீவு!" என்று கத்துவார். தூரத்தில் நிற்பவர்களுக்குப் பந்துதான் திருடன். யாரையும் வரிசையில் நிறுத்த மாட்டார். "வரிசைல நின்னா பெரியவங்களுக்கே கொட்டாவி வரும்" என்பார்.

மனைவியின் தம்பி ஞாயிறெல்லாம் தூங்கியே கழிக்கிறானே என்று அவனை மைதானத்துக்கு அழைத்து வந்தவரும் இவர்தான். மட்டைகளைச் சுமக்க வந்தவன், பார்த்துப் பார்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டான்.

ஒரு பந்தயத்தில் நடுவர் "தேர்ட் பேஸ்" என்றதற்கு, ஒரு பிள்ளை "அது எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டது. மறுநாளே விளையாட்டுச் சங்கத்துச் செயலாளர் ஐஸ் மாமாவைக் கூப்பிட்டார்.

"நீங்க கொஞ்சம் ஓய்வெடுங்க. உங்க மச்சினனே பாத்துக்கிறேன்னு சொல்றார். அத்தான் சொல்லிக்குடுக்கிறது விளையாட்டு இல்ல, கோமாளித்தனம்னு அவரே வருத்தப்பட்டார்."

கூடவே இருந்து குழி பறித்திருக்கிறான். வீட்டில் சொன்னால், மனைவி துணி மடித்துக்கொண்டே, "என் தம்பிதானே, முன்னுக்கு வரட்டுமே" என்றாள். அந்த வீட்டில் அவர் பக்கம் பேச ஃப்ரிட்ஜ்கூட இல்லை.

அடுத்த ஞாயிறு போகக் கூடாது என்றுதான் இருந்தார். கால் கேட்கவில்லை. கம்பி வேலிக்கு வெளியே போய் நின்றார். பிள்ளைகள் எல்லாம் புல்லைப் பிடுங்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு அல்ப ஆசை இருந்தது.

"கடைக்கு ஓடு! பள்ளிக்கூடத்துல நிக்காதே, இன்னைக்கு லீவு!"

மச்சினன் குரல். கோமாளித்தனம் என்றானே, அதில் ஒரு சொல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஓடினார்கள்.

பந்து வேலிப் பக்கம் உருண்டு வந்தது. அதைத் துரத்திக்கொண்டு முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி வந்தாள். எடுத்துக்கொண்டு நிமிர்ந்தவள் அவரைப் பார்த்துவிட்டாள்.

"ஐஸ் மாமா! எங்களோட இருந்து உங்களுக்குப் போர் அடிச்சிருச்சா?"

"யாரும்மா சொன்னா?"

"புது சார்தான். இந்தப் பசங்க வேண்டாம், சலிச்சுப் போச்சுன்னு நீங்களே சொன்னீங்களாமே."

அவர் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"திருடனைப் பிடிச்சுட்டு வா!" என்று மச்சினன் அங்கிருந்து கத்தினான்.

அவள் இரண்டடி போய், திரும்பி வந்தாள்.

"நான் இப்ப ரொம்ப வேகமா ஓடுறேன் மாமா. அடுத்த வாரம் வந்து பாருங்க, போர் அடிக்காது."