ராமு கண்டுபிடித்த கடற்கரை

ஆந்திர எல்லையைத் தாண்டிவிட்டதால் இது வெளிநாடு என்கிறான் ராமு. பழவேற்காடு ஏரியில் படகேறி வந்து, ஆளே இல்லாத இந்தக் கடற்கரையைக் கண்டுபிடித்தவனும் அவன்தானாம். நாங்கள் குளித்துக் கரையேறினால், இருபது பேர் வலை இழுக்கிறார்கள். எங்கள் படகுக்காரரும் அவர்களோடு நிற்கிறார்.

"அண்ணே, சாயங்காலம் பொன்னேரில பொண்ணு பாக்கணும், கெளம்புங்க!" என்று ராமு பதறுகிறான்.

"வலை ஏறாம நான் எப்டி நைனா வர்றது? பாத்துகினு நிக்காம கயித்தப் புடி!"

மாப்பிள்ளை ராமு ஈர ஜட்டியோடு இழுக்கிறான், நானும்தான். கயிறு பிடித்தவர்களுக்கெல்லாம் பங்கு உண்டாம். வலை ஏறியதும் ராமுவின் கையில் ஒரு கூடை மத்தி மீனைத் திணிக்கிறார் படகுக்காரர்.

"பொண்ணு ஊட்டுக்கு வெறுங்கையோட போவாத நைனா."

மாப்பிள்ளை வீடு, பெண் வீடு இரண்டுமே சுத்த சைவம். ராமு கூடையை மடியில் வைத்துக்கொண்டு படகில் உட்காருகிறான்.