ஒரு நைட்டியும் இருபத்தேழு போன் நம்பர்களும்

போன வருடம் ஆடி மாதம், பாப்பிரெட்டிப்பட்டியில் என் வீட்டிலேயே நடந்தது இது. எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் இழுத்தேன். என் மனைவிதான், "மத்தவங்க பண்ணினத மட்டும் ஊரெல்லாம் சொல்லத் தெரியுதில்ல, இதையும் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிடுகிறேன்.

நான் ஆன்லைனில் நைட்டி விற்கிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஈரோட்டில் மொத்தமாக எடுத்துவந்து, படம் பிடித்துப் போட்டு, ஆர்டர் வந்தால் கவரில் போட்டு அனுப்புவோம். வீட்டு முன்னறைதான் குடோன். முதலாளி, வேலையாள் எல்லாம் நானும் என் மனைவியும்தான்.

விற்பது கஷ்டமில்லை. திரும்பி வருகிற சரக்குதான் உயிரை எடுக்கும். வாங்கியவர் 'பிடிக்கவில்லை' என்று ஒரு பட்டனை அழுத்தினால் போதும், ஆன்லைன் கம்பெனிக்காரர்கள் பொருளைத் திரும்ப எடுத்து எங்களுக்கே அனுப்பிவிடுவார்கள். அதில்தான் எல்லாத் திருட்டுத்தனமும் நடக்கிறது. புதுசை வீட்டில் வைத்துக்கொண்டு, பழசை மடித்து அதே கவரில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பத்து நாள் உடுத்திவிட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கழுத்தில் பவுடர் அப்பியிருக்கும். ஒரு நைட்டியின் பாக்கெட்டில் பஸ் டிக்கெட்டும் பாதி தின்ற கடலை மிட்டாயும் இருந்தன. ஒருவர் அடுப்பில் பாத்திரம் இறக்குகிற கரித்துணியையே அனுப்பியிருந்தார். படம் எடுத்து நாம் கம்பெனிக்குப் புகார் கொடுத்தால், இரண்டு நாள் கழித்து 'உங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை' என்று ஒரு வரி வரும். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? ஆள் இருந்தால்தானே சட்டையைப் பிடிக்க முடியும். அந்த நாட்களில் வாசலில் டெலிவரி வண்டிச் சத்தம் கேட்டாலே எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாது.

எங்களைப் போல விற்கிறவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து ஆட்கள். ஏமாற்றுகிறவர்களின் பெயரையும் நம்பரையும் அதில் போடுவோம். இனி அவர்களுக்குச் சரக்கு அனுப்பக் கூடாது என்பதற்காகத்தான் ஆரம்பித்தது. ஆனால் நடந்தது வேறு. யாராவது ஒரு நம்பரைப் போட்டால், மற்றவர்கள் வரிசையாகப் போன் போட்டுத் திட்டுவார்கள். நானும் பல பேரைத் திட்டியிருக்கிறேன். அதில் ஒரு ருசி இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அன்று சனிக்கிழமை. ஆடித் தள்ளுபடி முடிந்து, திரும்பி வந்த சரக்கு ஒரு சாக்கு நிறைய வந்து இறங்கியது. ஒவ்வொரு கவரையும் மேலே இருக்கிற முகவரிச் சீட்டு தெரிகிற மாதிரி வீடியோ எடுத்துக்கொண்டுதான் பிரிக்க வேண்டும். மனைவி அதைச் சொன்னாள். "நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் கையாலேயே கிழித்துப் போட்டேன். சரக்கு ஒரு பக்கம், கவர் ஒரு பக்கம். நடுவில் ஒன்றில் வந்து விழுந்தது, வெளுத்துப்போன ஒரு நீல நைட்டி. அக்குளில் கிழிசல். ஈர நாற்றம். மண்டைக்கு ரத்தம் ஏறியது.

பக்கத்தில் கிடந்த கவரை எடுத்துப் பார்த்தேன். ஒரு பெண்ணின் பெயர், தீர்த்தமலைக்குக் கீழே ஒரு கிராமம். பெயரைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. ஒவ்வொரு கவரிலும் எங்கள் நம்பர் அச்சிட்ட ஒரு சீட்டு வைப்போம். அதைப் பார்த்து அந்தப் பெண் நாலு நாள் முன்னால், 'சைஸ் சின்னதா இருக்குங்க, பெருசு இருக்குதுங்களா' என்று செய்தி அனுப்பியிருந்தார். ஓ, இதற்குத்தான் அந்த நாடகமா என்று நினைத்தேன்.

உடனே போன் போட்டேன். "அண்ணா, நான்..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் பேச விடவில்லை. நான் பேசியதை இங்கே எழுத முடியாது. இருப்பதிலேயே மரியாதையானது, "கட்டிக்கத் துணி இல்லன்னா கேட்டு வாங்கு, திருடிக் கட்டாத" என்பது. போனை வைத்துவிட்டு, அந்த நீல நைட்டியையும் முகவரிச் சீட்டையும் சேர்த்துப் படம் எடுத்து, கூடவே போன் நம்பரையும் எழுதிக் குழுவில் போட்டேன். 'திருடி. யாரும் விடாதீங்க' என்று. அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பையும் ஒரு நோட்டும்.

"நைட்டி விக்கறவங்க வூடு இதுங்களா?"

சரக்கு வாங்க வந்தவர் என்று நினைத்து என் மனைவி நாற்காலியை எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. போனைத் திறந்து நான் குழுவில் போட்ட படத்தை நீட்டினார். யாரோ அவருக்கே அனுப்பியிருக்கிறார்கள். கவரில் எங்கள் முகவரியும் இருந்ததால் தேடி வந்துவிட்டார்.

"இது நான் திருப்பிக் குடுத்தது இல்லீங்க அக்கா" என்றார். பேசியது என் மனைவியிடம். என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் வாங்கினது மெரூன் கலரு. குடுக்கறதுக்கு முன்னாடி படம் எடுத்து வச்சேன், பாருங்க. டேக் கூட அறுக்கலீங்க."

"எல்லாரும் இதையேதாம்மா சொல்றாங்க" என்று நான் குரலை உயர்த்தினேன்.

என் மனைவி அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தாள். உள்ளே போய், அடுக்கிலிருந்து ஒரு மெரூன் நைட்டியைக் கொண்டுவந்தாள். டேக்கில் இருந்த எண்ணும் படத்தில் இருந்த எண்ணும் ஒன்றுதான்.

"இது அன்னிக்கி வந்ததுதான். புதுசாட்டமே இருந்துச்சு, நான்தான் மடிச்சு வச்சேன். எந்தக் கவர்ல வந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் எல்லாத்தையும் கிழிச்சு ஒரே குமியா போட்டீங்களே."

அப்போதும் சுலபமாகத் தப்பிக்கத்தான் பார்த்தேன். "தப்பாப் போச்சும்மா. குரூப்ல டெலீட் பண்ணிடறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. நோட்டைத் திறந்தார். பக்கம் முழுக்கப் போன் நம்பர்கள், பக்கத்தில் நேரம் போட்டு.

"இருபத்தேழு பேருங்க. நீங்க டெலீட் பண்ணிட்டா இவங்க பேசினது போயிடுமா?"

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். கணவர் பெங்களூரில் வேலை செய்கிறார், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் இவரும் மாமியாரும்தான். ஞாயிற்றுக்கிழமை கணவர் வந்திருந்தபோது மனைவியின் போன் ஓயாமல் அடித்திருக்கிறது. அவர் எடுத்துப் பேசியிருக்கிறார். ஆண் குரலைக் கேட்டதும் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். மறுபடி வேறு நம்பர், மறுபடி அதே கதை. பெண்ணைத் திட்டத் தைரியம் இருந்த எங்கள் ஆட்களுக்கு ஆணிடம் பேசத் தைரியம் இல்லை.

"எம் பேச்சக் கேட்டதும் பேசறாங்க, அவரு குரலக் கேட்டா வச்சிடறாங்க. அவரு வேற மாதிரி நெனச்சுட்டாரு. ஒரு வார்த்தை பேசாம பஸ் ஏறிட்டாரு. போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறாரு. மாமியாரு, நாளைக்கி உங்க அம்மா வூட்டுக்குப் போயிடுன்னு சொல்லிட்டாங்க."

"என்ன பண்ணணும்னு சொல்லு கண்ணு" என்றாள் என் மனைவி.

"இவரு ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி, எம் மேல தப்பில்லன்னு சொல்லணும். நான் கேக்கணும்." அப்போதுதான் உட்கார்ந்தார். நோட்டில் முதல் நம்பரைப் பேனாவால் அடித்தார். "இது நீங்கதான். உங்களுக்கு நீங்களே போன் போட்டுக்க முடியாது, விடுங்க."

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்பீக்கரில் போட்டுப் பேச ஆரம்பித்தேன். முதலில் எடுத்தவன், "என்ன தலைவா, இன்னொரு களவாணி சிக்கிடுச்சா?" என்றான். அந்தப் பெண் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "இல்லப்பா. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. நான்தான் கவர மாத்திட்டேன்" என்றேன்.

"அட போ தலைவா. போன் போட்டு அழுதுச்சா? அதெல்லாம் நம்பாத."

"அது குடுத்த புது நைட்டி என் கைலதான் இருக்குது. திருடி இல்ல."

"செரி செரி, விடு." அவ்வளவுதான். அவனுக்கு அதோடு முடிந்துவிட்டது. அந்தப் பெண் நோட்டில் ஒரு டிக் போட்டார்.

ஒவ்வொரு முறை சொல்லும்போதும் என் நாக்கு கசந்தது. திட்டும்போது எவ்வளவு சரளமாக வந்தது! ஒருவன், நான் என்னவோ கதை விடுகிறேன் என்று கடைசி வரை நம்பவே இல்லை. இன்னொருவன் விற்பனைக்காரனே இல்லை. யாரோ அனுப்பிய படத்தில் நம்பர் கிடைத்ததாம். "பொம்பள நம்பர்னு சும்மா பேசிப் பாத்தேன் பாஸ், அதுக்கென்ன இப்ப?" என்றான். நான் எழுந்து நின்று கத்த ஆரம்பித்தேன். அந்தப் பெண் கையைக் காட்டித் தடுத்தார்.

"கத்தாதீங்க. நீங்க கத்தினா அவன் மறுபடி எனக்குத்தான் போன் பண்ணுவான்."

உட்கார்ந்தேன்.

தர்மபுரியில் ரெடிமேட் துணி விற்கிற பெரியவர் ஒருவரை நாங்கள் எல்லாரும் பாய் என்று கூப்பிடுவோம். அவர் நம்பரும் நோட்டில் இருந்தது. நான் சொல்லி முடித்ததும், "உன்ன நம்பி ஒரு பொம்பளப் புள்ளய பேசிட்டனே தம்பி" என்றார். "பக்கத்துல இருக்குதா? போன அது கிட்ட குடு." வாங்கிக்கொண்ட பெண்ணிடம், "அம்மா, என்ன மன்னிச்சிடும்மா" என்றார். இருபத்தாறு பேரில் மன்னிப்புக் கேட்டது அவர் ஒருவர்தான். "செரிங்க பாய்" என்று சொன்ன அந்தப் பெண்ணின் குரல் அப்போதுதான் முதல் தடவையாக உடைந்தது.

ஏழு பேர் முதலில் எடுக்கவில்லை. எடுக்கிற வரை திரும்பத் திரும்ப அடித்தேன். மனைவி கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை படிந்துவிட்டது, அந்தப் பெண் தொடவில்லை. எல்லாம் முடிய மணி இரண்டரை ஆனது. அப்புறம் நோட்டில் இல்லாத ஒரு நம்பரைச் சொன்னார்.

"இது எங்க வூட்டுக்காரரு. இவருக்கும் சொல்லுங்க."

புது நம்பர் என்பதால் எடுத்துவிட்டார். பின்னால் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார். பிறகு கேட்டார்:

"நீ யாரு அவளுக்கு? அவ பேசச் சொல்லிப் பேசறியா?"

இன்னொரு ஆம்பிளை, அவளுக்காகப் பரிந்து பேசுகிறான். அவர் காதில் அப்படித்தானே விழும்? நான் வாயைத் திறக்கத் திறக்க அந்தப் பெண்ணுக்குத்தான் கெடுதல். என் மனைவி போனைப் பிடுங்கினாள்.

"அண்ணா, நான் அவரு சம்சாரம் பேசறேன். இவரு கோவக்காரரு, கண்ணு மண்ணு தெரியாம உங்க வூட்டுப் பொண்ணு பேர நாறடிச்சுட்டாரு. அது குடுத்த நைட்டி என் கைல இருக்குது. குரூப்ல இவரு போட்டது, டேக்கு, எல்லாத்தையும் படம் எடுத்து அனுப்பறேன். நானே உங்க வூட்டுக்குப் போயி உங்க அம்மா முன்னாடியும் சொல்றேன்."

"அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் வண்டிச் சாவியை எடுத்தேன். "நானும் வந்து சொல்லிடறேன்" என்றேன்.

"வேணாங்க. உங்களப் பாத்தா இன்னும் பேசுவாங்க. அக்கா மட்டும் வரட்டும்" என்றார் அந்தப் பெண்.

இரண்டு பேரும் அரூர் பஸ் பிடித்துப் போனார்கள். மன்னிப்புக் கேட்கப் போவதற்குக்கூட நான் லாயக்கில்லை. வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தேன். குழுவில், 'தப்பு என்னுடையது, அந்தப் பெண் நேர்மையானவர், நம்பரை அழித்துவிடுங்கள்' என்று எழுதிப் போட்டேன். 'திருடி' என்று போட்டதற்கு இருபத்தாறு பேர் போன் செய்தார்கள். இதற்கு மூன்று பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். குழுவை விட்டு வெளியே வந்தேன்.

மனைவி திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. "மாமியாரு ரொம்ப நேரம் மூஞ்சி குடுத்தே பேசல. நானும் எந்திரிக்கல. கடைசில, சோறு தின்னுட்டுப் போன்னாங்க" என்றாள்.

"அவங்க வூட்டுக்காரரு?"

"நான் கெளம்பற வரைக்கும் போன் வரல."

ஒரு வாரம் கழித்து, எல்லாம் சரியாகிவிட்டதா என்று என் மனைவி அந்த நம்பருக்குச் செய்தி அனுப்பினாள். போய்ச் சேரவில்லை. அடித்துப் பார்த்தாள். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. வீடு தெரியும், போய்க் கேட்கலாம். கேட்டு, 'அவ இங்க இல்ல' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் நான் இதுவரை என் மனைவியைப் போகவிடவில்லை.

இப்போதும் கிழிந்ததும் நாறினதும் திரும்பி வரத்தான் செய்கின்றன. இப்போதும் கோபம் வருகிறது. ஒவ்வொரு கவராக வீடியோ எடுத்துத்தான் பிரிக்கிறேன், யார் நம்பரையும் எங்கேயும் போடுவதில்லை. இத்தனை வருடத்தில் என்னை ஏமாற்றியவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்கு நினைவில்லை. என்னை ஏமாற்றாத அந்தப் பெண்ணின் பெயரும், ஊரும், இப்போது இல்லாத அந்தப் போன் நம்பரும் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எனக்கு மனப்பாடம்.