விக்டர் வளர்த்த மஞ்சள் பாம்பு

டல்லாஸிலிருந்து அழைப்பு வரும் என்று கைபேசியைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். மகள் தேன்மொழிக்கு முதல் நாள்தான் இரண்டாவது பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்த்துச் சொல்வதாக இருந்தார்கள். மணி அடித்ததும் பெயரைக்கூடப் பார்க்காமல் எடுத்தேன். "சார், அவரு போயிட்டாருங்க," என்றார் விக்டரின் மனைவி ரோஸ்லின். என் பயத்தை நான் முதன்முதலில் சொன்ன ஆள் விக்டர்தான்.

தஞ்சாவூரில் ஒரே வங்கிக் கிளையில் நானும் அவரும் எதிரெதிர் மேசை. கணினி வந்து ஆட்களைக் குறைத்தபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சொந்த ஊரான நீடாமங்கலத்துக்குப் போனார். பின்னாளில் 'பால் பைத்தான்' என்ற பாம்பை வளர்க்க ஆரம்பித்தார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த, விஷமில்லாத சின்ன மலைப்பாம்பு அது. சர்ச்சிலிருந்து வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். "பயந்தா பந்து மாதிரி சுருண்டு தலையை உள்ள வச்சுக்கும். உங்களைவிடப் பயந்தாங்கொள்ளிங்க அது," என்று என் கையில் ஒன்றைத் தூக்கி வைத்தார். உண்மையில் நானும் பாம்பும் ஒன்றுபோலத்தான் பயந்தோம்.

அவரிடம் ஒரு ஜோடி இருந்தது, ஒரே தகப்பனுக்குப் பிறந்தவை. தகப்பன் வெள்ளையும் மஞ்சளுமாக, சிவந்த கண்ணோடு இருந்ததாம். இவை இரண்டுமோ சாதாரணக் கறுப்பும் பழுப்பும்தான். "நிறம் உள்ளே ஒளிஞ்சிருக்கு சார். ரெண்டு பக்கமும் சேர்ந்து வந்தாத்தான் வெளியே தெரியும்," என்றார். முதல் ஈட்டு முட்டைகள் பொரிந்தபோது எல்லாமே பழுப்பு. அடுத்த ஈட்டில் ஒரு முட்டையைக் கிழித்துக்கொண்டு மஞ்சள் தலை எட்டிப் பார்த்தது. அவர் கொண்டாடினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

காரணம் எங்கள் வீட்டில் இருந்தது. எங்கள் அம்மாவைத் தாய்மாமனுக்கே கொடுத்திருந்தார்கள். எனக்கும் அக்காவுக்கும் காது நன்றாகக் கேட்கும். தம்பி சாமிநாதனுக்குப் பிறவியிலேயே கேட்காது. அந்தச் சமயத்தில் அக்கா மகனுக்கே என் மகளைக் கேட்டிருந்தார்கள். முறைப் பையன், அமெரிக்காவில் வேலை, இருவருக்கும் விருப்பம். விக்டர் ஏதாவது ஆறுதல் சொல்வார் என்றுதான் போனேன்.

"நான் பாம்பு வளர்க்கிறவன், டாக்டர் இல்லை. ஆனா உங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்," என்றார். "பிள்ளைங்ககிட்ட விஷயத்தைச் சொல்லுங்க. பரிசோதனை பண்ணிட்டு அவங்களே முடிவெடுக்கட்டும்." சொன்னேன். பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் சிரித்தார்கள். "பாம்புக்காரன் பேச்சைக் கேட்டுச் சம்பந்தத்தை நிறுத்துவியாடா?" என்று அக்கா எகிறினாள். கல்யாணம் நடந்தது. விக்டரும் வந்தார். பந்தியில் சாமிநாதன் பக்கத்தில் உட்கார்ந்து, கையாலேயே பேசிச் சாப்பிட்டார்.

மூத்த பேத்திக்குக் காது கேட்டது. இரண்டாவது உண்டானதும், முதல் குழந்தை நன்றாக இருக்கிறதே என்று விக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். "ஒவ்வொரு முட்டைக்கும் சீட்டைப் புதுசா குலுக்குறாங்க சார்," என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் எழுந்து போய் அந்த மஞ்சள் பாம்பை எடுத்து வந்தார். எத்தனையோ பேர் கேட்டும் அதை மட்டும் அவர் விற்கவில்லை. "இதுக்கு வெயில் கூசும். அதனால ஜன்னலுக்குத் திரை போட்டேன். அவ்வளவுதான் செலவு," என்றார்.

ரோஸ்லின் அழைத்த மறுநாள் காலை, கல்லறைத் தோட்டத்தில் அவர்மேல் மண் போட்டுவிட்டு நின்றபோதுதான் தேன்மொழி அழைத்தாள். "இங்க சாயங்காலம்தான் பார்த்தாங்கப்பா. சரியா தெரியலையாம். ரெண்டு காதையும் திரும்பப் பார்க்கணுமாம். பயப்படாதேப்பா." பயந்திருந்தது அவள்தான். ஒன்றும் இருக்காது என்ற பேச்சு வாய்வரை வந்தது, சொல்லவில்லை. "எது வந்தாலும் நாங்க இருக்கோம்மா," என்றேன்.

அவரை அறிந்தவர்களே, விக்டரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: பொய் ஆறுதல் சொல்லாதிருப்பதும், சொல்லாமல் விட்ட பிறகும் கூடவே நிற்பதும்.

என்னோடு அடக்கத்துக்கு வந்திருந்த சாமிநாதன் என் முகத்தைப் பார்த்து, என்ன என்று கையால் கேட்டான். குழந்தையைப் பற்றி எல்லாவற்றையும் கையால் சொன்னேன். அவன் தன் முகத்தைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டுக் கேட்டான்: பாப்பா யார் ஜாடை?