மழை பெய்கிறது என்ற வரி

யுத்த காலத்தில் ஆவடி முகாமில் எனக்குக் குமாஸ்தா வேலை. போர்முனையிலிருந்து வரும் தமிழ்க் கடிதங்களைப் படித்து, எதிரிக்கு உதவக்கூடிய வரிகளில் மை பூச வேண்டும். தேசத்தைக் காப்பதாகவே நம்பினேன்.

ஒருநாள் கொரட்டூரில் என் பக்கத்து வீட்டுக்காரி, சிப்பாயாகப் போன கணவனின் கடிதத்தைப் படிக்கச் சொல்லி நீட்டினாள். நான் மை பூசிய கடிதம்தான்.

"நடுவுல கருப்பா கீதே, இன்னா எழுதிகீறாரு அண்ணாத்தே?"

வெளியே சொல்லக் கூடாது. அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன்.

"ஓயாத மழையாம். பூட்ஸ் காயவே இல்லையாம்."

"இதையா மறைச்சாங்க?"

"எதிரிக்குத் தெரியக் கூடாதும்மா."

"அவனும் அங்கதான கீறான். அவன் நனைய மாட்டானா?"

மறுநாள் மேலதிகாரியிடம் இதைக் கேட்டேன். விதியில் வானிலை என்று போட்டிருக்கிறது என்று சொல்லி, இன்னொரு மைப்புட்டி கொடுத்தார்.